மூடி வைத்த மருந்தும் நீல வெளிச்சமும்: ஒளியால் விழிக்கும் பிளாற்றினம்

பெரியம்மாவுக்குப் புற்றுநோய்க்காக முதன்முறை மருந்து ஏற்றிய நாளில், கம்பியில் தொங்கிய சேலைன் பையின் மேல் கறுப்பு உறை ஒன்றைப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்களில் தொங்கிய பைகளுக்கு அது இல்லை. ஊசி ஏற்றிய கையை அசைக்காமல் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர், தாதி அப்பால் போனதும் என்னிடம் கேட்டார்.

"ஏன் தம்பி, என்னுடையதை மட்டும் மூடி வைத்திருக்கிறார்கள்?"

"வெளிச்சம் படாமல் இருக்க, பெரியம்மா."

"பட்டால் என்ன செய்யும்?"

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்கு அருகே ஒரு தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிப்பவன் நான். இருந்தும் அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. "மருந்து பழுதாகிவிடும்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அன்றிரவு வீட்டில் இருந்து வாசிக்கத் தொடங்கியபோதுதான், பெரியம்மா கேட்ட அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகூடங்களில் பலர் உழைத்துவருவது தெரிந்தது. வெளிச்சம் பட்டால் பழுதாகும் மருந்தை அவர்கள் தேடவில்லை. வெளிச்சம் பட்டால் மட்டுமே வேலை செய்யும் மருந்தைத் தேடுகிறார்கள். அதுவும் அதே உலோகத்தைக் கொண்டு.

அந்த உலோகம் பிளாற்றினம். கஸ்தூரியார் வீதி நகைக் கடைகளில் மோதிரமாகக் காணலாம். பெரியம்மாவின் பையில் இருந்தது சிஸ்பிளாற்றின் என்ற மருந்து. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. நடுவில் ஒரு பிளாற்றின அணு. அதற்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே தளத்தில், சதுரப் பலகையின் நான்கு மூலைகளை நோக்கி நீண்டிருக்கும். அடுத்தடுத்த இரண்டு கைகள் அமோனியாவைப் பிடித்திருக்கும், மற்ற இரண்டும் குளோரைட்டைப் பிடித்திருக்கும். "சிஸ்" என்ற முன்னொட்டுக்குப் பொருள் "ஒரே பக்கம்" என்பதே. அதே அணுக்களை எதிரெதிர் மூலைகளில் வைத்தால் கிடைக்கும் பொருள் மருந்தாகப் பயன்படுவதில்லை. சேர்மானம் ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு. ஒவ்வோர் ஆண்டும் சமபகுதியம் படிப்பிக்கும்போது மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. அது என் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

சிஸ்பிளாற்றினை உப்புக் கரைந்த நீரில்தான் கலந்து ஏற்றுவார்கள். அதில் ஓர் அழகான காரணம் இருக்கிறது. உப்பில் இருப்பது சோடியமும் குளோரைட்டும். சுற்றிவர குளோரைட்டு நிறைந்திருக்கும்வரை, பிளாற்றினம் பிடித்திருக்கும் இரண்டு குளோரைட்டுகளும் எளிதில் விலகிப் போவதில்லை. நம் இரத்தத்திலும் குளோரைட்டு தாராளமாக இருக்கிறது. உயிர்க்கலத்தின் உள்ளேயோ அது மிகக் குறைவு. ஆகவே மருந்து கலத்துக்குள் நுழைந்தபின் குளோரைட்டுகள் கழன்று, அந்த இடத்தில் நீர் வந்து ஒட்டிக்கொள்கிறது. நீரின் பிடி தளர்வானது. பிளாற்றினத்தின் இரண்டு கைகளும் அநேகமாக வெறுங்கைகள் ஆகிவிடுகின்றன.

வெறுங்கைகள் போய்ப் பற்றுவது டீ.என்.ஏ. இழையை. அந்த இழையில் குவானின் என்றொரு பகுதி திரும்பத் திரும்ப வரும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களைப் பிளாற்றினம் சேர்த்துக் கட்டிவிடுகிறது. நீண்ட கயிறு ஒன்றில் பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள் இரண்டை நூலால் இறுக்கிக் கட்டிப் பாருங்கள். கயிறு அந்த இடத்தில் மடங்கி நிற்கும். டீ.என்.ஏ.யும் அப்படியே வளைகிறது. கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அந்த இழையை முதலில் படியெடுக்க வேண்டும். வளைந்த இடத்தில் படியெடுப்பு தடைப்படுகிறது. கலம் அதைத் திருத்தப் பார்க்கும், முடியாதபோது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. சிஸ்பிளாற்றினை இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே 1844 இலேயே தயாரித்துவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அது ஒரு சாதாரண இரசாயனப் பொருளாகவே கிடந்தது. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் றோசன்பேர்க் என்ற ஆய்வாளர், மின்புலம் கலப்பிரிவைப் பாதிக்குமா என்று அறிய விரும்பினார். ஈ கோலை பற்றீரியாக்கள் வளரும் கரைசலுக்குள் பிளாற்றின மின்முனைகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். எதனுடனும் தாக்கம் புரியாத உலோகம் என்பதற்காகத்தான் பிளாற்றினத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பற்றீரியாக்கள் பிரிவதை நிறுத்திவிட்டன. ஆனால் வளர்வதை நிறுத்தவில்லை. பிரிய முடியாமல், இடியப்ப உரலிலிருந்து இறங்கும் இழைபோல, வழமையான நீளத்தின் முந்நூறு மடங்கு வரை நீண்டன. மின்புலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மின்முனையிலிருந்து சிறிதளவு பிளாற்றினம் கரைந்து, கரைசலில் இருந்த அமோனியாவுடனும் குளோரைட்டுடனும் சேர்ந்திருந்தது. 1965 இல் அந்த முடிவு வெளியானது. 1969 இல் எலிகளின் கட்டிகள் சுருங்கின. 1978 இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. விதைப்பைப் புற்றுநோய் கொண்ட எத்தனையோ இளைஞர்கள் இன்று உயிரோடு இருப்பதற்கு இந்த மருந்து முதன்மையான காரணம்.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு துணுக்கு உண்டு. மின்முனையிலிருந்து முதலில் உருவான பிளாற்றின உப்பின் புதிய கரைசலைத் தனியே எடுத்துப் பற்றீரியாக்களுக்குக் கொடுத்தபோது, அவை இழையாக நீளவில்லை. வெளிச்சத்தில் சில காலம் நின்ற கரைசல்தான் அப்படிச் செய்தது. ஒளி பட்டதால் சில குளோரைட்டுகள் விலகி, அவற்றின் இடத்துக்கு அமோனியா வந்திருந்தது. ஆக, முதல் நாளிலிருந்தே இந்தக் கதைக்குள் ஒளியும் இருந்திருக்கிறது. பெரியம்மாவின் பையை மூடிய உறையும் அதே காரணத்தால் வந்ததுதான்: பிளாற்றினம் பிடித்திருப்பவற்றை ஒளி கழற்றி மாற்றிவிடக்கூடும்.

மருந்தின் வலு பற்றி யாருக்கும் குறையில்லை. அதற்கு முகவரி தெரியாது என்பதுதான் குறை. இரத்தத்தில் ஏறிய சிஸ்பிளாற்றின் உடல் முழுவதும் போகிறது. புற்றுக் கலம் எது, சிறுநீரகக் கலம் எது என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் போத்தல் போத்தலாகச் சேலைன் ஏற்றுகிறார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் வாந்தி. அதனால்தான், மூன்றாவது முறைக்குப் பின் பெரியம்மா காதுக்குள் வண்டு இரைவதாகச் சொன்னார். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்களை இந்த மருந்து கெடுத்துவிடுவதுண்டு. கெட்டவை மீண்டும் முளைப்பதில்லை. பின்னர் வந்த கார்போபிளாற்றின், ஒக்சாலிபிளாற்றின் ஆகியவற்றில் சில துன்பங்கள் குறைந்தன, வேறு சில சேர்ந்தன. முகவரி இல்லாத குறை மட்டும் தீரவில்லை.

இந்த இடத்தில்தான் ஒளி உள்ளே வருகிறது. உடல் முழுவதும் போகட்டும், ஆனால் தூங்கிக்கொண்டே போகட்டும். கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் நாம் தட்டி எழுப்புவோம். எண்ணம் இவ்வளவுதான். தூங்கவைப்பது எப்படி?

பிளாற்றினத்துக்கு இன்னொரு நிலை உண்டு. சிஸ்பிளாற்றினில் அதன் ஒட்சியேற்ற நிலை, அதாவது அது இழந்ததாகக் கணக்கிடப்படும் இலத்திரன்களின் எண்ணிக்கை, இரண்டு. அதை நான்காக உயர்த்தினால் கைகள் ஆறாகின்றன: சுற்றிவர நான்கு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்த ஆறு கைப் பிளாற்றினம் பிடித்ததை இலகுவில் விடாது. நீர் வந்து தள்ளினாலும் அசையாது. உயர்தர மாணவர்களுக்கு மட்டும் ஒரு வரி: இதன் வெளியோட்டில் ஆறு d இலத்திரன்கள் கீழ்ச் சக்தி மட்டத்தை முழுமையாக நிரப்பி அமர்ந்திருக்கின்றன, அந்த ஒழுங்கு குலைவது கடினம். ஆகவே இந்தப் பிளாற்றினம் டீ.என்.ஏ.யின் அருகில் போனாலும் பற்றுவதற்கு அதனிடம் வெறுங்கை இல்லை.

பிரித்தானியாவில் பீற்றர் சட்லர் என்ற இரசாயனவியலாளரின் குழு, முதலில் எடின்பரோவிலும் பின்னர் வோரிக் பல்கலைக்கழகத்திலும், இந்த ஆறு கைகளில் இரண்டுக்கு அசைட்டு என்ற குழுவைக் கொடுத்தது. மூன்று நைதரசன் அணுக்கள் வரிசையாக நிற்கும் குழு அது. கார்களில் விபத்தின்போது விரியும் காற்றுப் பையை நெடுங்காலம் இயக்கியது சோடியம் அசைட்டுத்தான். ஒரு பொறி பட்டதும் கணத்தில் நைதரசன் வாயுவாக வெடித்துப் பையை நிரப்பிவிடும். நைதரசன் வாயுவாகப் பிரிந்து போக எந்நேரமும் ஆயத்தமாக இருப்பது அசைட்டின் இயல்பு. மற்றக் கைகளில் இரண்டுக்கு ஐதரொட்சைட்டு, மீதி இரண்டுக்கு பிரிடீன் என்ற சேதனச் சேர்வை அல்லது அமோனியா. இப்படி அமைந்த சேர்வை இருட்டில் வியக்கத்தக்க அமைதியோடு இருந்தது. கலங்களுக்குள் அதைவிட்டு இருட்டில் வைத்தபோது அவை பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. புற ஊதாக் கதிரோ நீல ஒளியோ பட்டபோது அதே கலங்கள் மடிந்தன.

அந்தக் கணத்தில் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒளி ஒரு துணிக்கையாக வந்து மூலக்கூறில் மோதுகிறது. அதன் சக்தியை வாங்கிக்கொண்டு, அசைட்டிடம் இருந்த இலத்திரன் ஒன்று பிளாற்றினத்தின் பக்கம் தாவுகிறது. தாவிய இடம் நல்ல இடமல்ல. பிளாற்றினத்துக்கும் அசைட்டுக்கும் இடையிலான பிணைப்பை அது தளர்த்திவிடுகிறது. அசைட்டு கழன்று, இணையில்லாத இலத்திரனுடன் சுயாதீன மூலிகமாக வெளியேறுகிறது. இரண்டு அசைட்டுகளும் இவ்வாறு போய்விட்டால் பிளாற்றினத்திடம் இரண்டு இலத்திரன்கள் மிஞ்சுகின்றன. நான்கு என்ற நிலையிலிருந்து இரண்டு என்ற நிலைக்கு அது இறங்கிவிடுகிறது. ஆறு கைகள் நான்காகின்றன. அவற்றில் சில வெறுங்கைகள். பிறகு டீ.என்.ஏ.யைப் பற்றுவதுதான் வேலை.

ஒரே வெளிச்சத்தில் இரண்டு தாக்குதல்கள் என்பதைக் கவனியுங்கள். பிளாற்றினம் டீ.என்.ஏ.யைக் கட்டுகிறது, கழன்று போன மூலிகங்கள் கலத்தின் வேறு மூலக்கூறுகளைத் தாக்குகின்றன. டீ.என்.ஏ.யில் விழும் கட்டும் சிஸ்பிளாற்றின் போடும் கட்டைப் போன்றதல்ல. சிஸ்பிளாற்றினுக்குப் பழகி, அதன் கட்டுகளை அவிழ்க்கக் கற்றுக்கொண்ட புற்றுக் கலங்கள் உண்டு. மருந்து சில மாதங்களில் கைவிடுவதற்கு அவையும் காரணம். அப்படிப்பட்ட கலங்களும் இந்த ஒளி மருந்துக்குப் பணிந்ததை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி அதுதான்.

ஒளியைக் கொண்டு புற்றை அழிப்பது முற்றிலும் புதிய யோசனை அல்ல. ஒளியியக்கச் சிகிச்சை என்ற முறை 1990களிலிருந்து அனுமதியோடு நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒரு சாயப் பொருளை உடலில் ஏற்றிக் கட்டியின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். சாயம் ஒளியின் சக்தியை அருகிலுள்ள ஒட்சிசனுக்குக் கொடுக்க, ஒட்சிசன் வெறிகொண்டு கலத்தைச் சிதைக்கும். ஆனால் கட்டிகளின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் ஒழுங்காக இல்லாததால் ஒட்சிசன் குறைவு. எரிப்பதற்குத் தீக்குச்சி இருந்தும் விறகு இல்லாத நிலை. அசைட்டுப் பிளாற்றினமோ ஒட்சிசனை நம்பி இருக்கவில்லை. பழைய முறையில் இன்னொரு துன்பமும் உண்டு: சில சாயங்கள் தோலில் வாரக்கணக்கில் தங்குவதால், நோயாளி வெயிலையே தவிர்க்க வேண்டும். நம்மூர்ச் சித்திரை வெயிலில், முற்றத்தில் ஒடியல் காயவைக்கக்கூட வெளியே வர முடியாமல் ஒருவர் வாரக்கணக்கில் அறைக்குள் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி இந்த மருந்தின் பெரிய இடர்ப்பாடு. அதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம் தேவையில்லை. இரவில் மின்சாரம் நின்றுபோனால் சின்னப் பிள்ளைகள் செய்யும் விளையாட்டுப் போதும். ரோச் லைற்றை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் விரல்கள் சிவப்பாக ஒளிரும். ரோச் வெளிச்சம் வெள்ளைதானே, விரல் ஏன் சிவக்கிறது? இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பிப் பிழைத்து மறுபக்கம் வருகிறது. தசைக்குள் நீல ஒளி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் போவதற்குள் தேய்ந்துவிடும். சிவப்பு பல மில்லிமீற்றர் போகும்.

அசைட்டுப் பிளாற்றினமோ நன்றாக விழிப்பது புற ஊதாவுக்கும் நீலத்துக்கும். உடலுக்குள் ஆழமாகப் போகும் ஒளி அதை எழுப்பாது, அதை எழுப்பும் ஒளி ஆழமாகப் போகாது. இந்தத் துறையில் இன்று நடக்கும் உழைப்பில் பெரும்பகுதி இந்த முரணைத் தீர்ப்பதற்காகத்தான். பிளாற்றினம் பிடித்திருக்கும் குழுக்களை மாற்றிப் பச்சைக்கும் அதற்கு அப்பாலும் விழிக்கச் செய்ய ஒரு சாரார் முயல்கிறார்கள். சிவப்புக்கு அப்பாற்பட்ட கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி நீலமாக மாற்றித் தரும் நனோத் துணிக்கைகளை மருந்தோடு சேர்த்து அனுப்ப இன்னொரு சாரார் முயல்கிறார்கள். இரண்டாவது வழியைக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடலுக்குள் போகும் பொருள் ஒவ்வொன்றும் பிறகு எங்கே தங்குகிறது என்ற கேள்வியும் கூடவே வருவதால், எனக்கு முதல் வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

மற்றொரு வழி, வெளிச்சத்தைக் கொண்டுபோய் வாசலில் வைப்பது. முடி அளவு மெல்லிய ஒளிநார் வழியாக ஒளியை உணவுக்குழாய்க்குள்ளும் மூச்சுக் குழாய்க்குள்ளும் சிறுநீர்ப்பைக்குள்ளும் அனுப்பலாம். உட்புறம் பார்க்க எண்டோஸ்கோப் விடுவதைப் போன்றதுதான். இவை உட்சுவரில் மெல்லிய படையாகப் புற்று தொடங்கும் இடங்கள். அங்கே ஒரு மில்லிமீற்றர் என்பதும் பெரிய தூரம்தான்.

இன்னோர் இடத்துக்கு நாரும் வேண்டாம், குழாயும் வேண்டாம். வாயைத் திறந்தால் போதும். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பது வாய் மற்றும் தொண்டை சார்ந்த புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தட்டு நீட்டும் ஊர் இது. பெரியம்மா அச்சுவேலியில் புகையிலைத் தோட்டத்து வரம்பில் வளர்ந்தவர். பன்னிரண்டு வயதில் வாயில் போட்டதை எழுபது வயது வரை விடவில்லை. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைச் சுண்ணாம்பு சுட்டது என்று இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தார். அந்தக் கன்னம் சின்னஞ்சிறு நீல விளக்குக்கு எட்டும் இடம். இந்த ஆய்வுகளை வாசிக்கும் போதெல்லாம் என் கண்ணில் நிற்பது அந்த ஒரு பெருவிரல் அகலம்தான்.

ஆனால் மருந்து இன்னும் மருந்தாகவில்லை. மனித உணவுக்குழாய்ப் புற்றுக் கலங்களை எலிகளில் வளர்த்து, அசைட்டுப் பிளாற்றினம் கொடுத்து, நீல ஒளி பாய்ச்சிய ஆய்வு 2012 இல் வெளியானது. கட்டியின் வளர்ச்சி மட்டுப்பட்டது. மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி பெற்ற ஒளிப் பிளாற்றின மருந்து எதுவும் இல்லை. உலோக மருந்தும் ஒளியும் சேர்ந்த சிகிச்சையில் சற்று முன்னே போயிருப்பது ருதேனியம் என்ற வேறோர் உலோகம்: சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளிடம், பச்சை ஒளியோடு சோதிக்கப்பட்டுவருகிறது. ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் இன்றைய சிகிச்சையை ஒத்திவைக்கக் கூடாது. சிஸ்பிளாற்றின் ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்றால் மருந்து கூடுதலாக வேலை செய்யுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். செய்யாது. அது வேறு மருந்து. இருட்டிலேயே முழுமையாக விழித்திருப்பது. ஒளி மருந்து வந்தாலும் உடலெங்கும் பரவிவிட்ட புற்றுக்கு அது தனியே போதாது. எங்கே வெளிச்சம் அடிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அடிக்க முடியும்.

வடக்கில் நோயாளிகள் மருந்துக்காகக் கொழும்புக்கு அருகேயுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலை வரை இரவு பஸ்ஸில் போய்வந்த காலம் அதிக தூரத்தில் இல்லை. 2011 இல் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டியதால்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் பெரியம்மாவைக் கட்டிலில் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது அந்த நடையால். ஒளி மருந்து ஒருநாள் கைக்கு வந்தால் அதற்குத் தேவைப்படுவது ஒரு விளக்கும், வெளிச்சம் புகாத ஓர் அறையும், பயிற்சி பெற்ற இரண்டு கைகளும். மலையளவு இயந்திரம் வேண்டியதில்லை. எனக்கு இதன்மேல் இவ்வளவு பற்று வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆறாவது முறை மருந்து ஏற்றி முடிந்த நாளில், இவ்வளவையும் கட்டிலருகே இருந்து பெரியம்மாவுக்குச் சொன்னேன். டீ.என்.ஏ. என்றபோது கண்ணை மூடிக்கொண்டார். ரோச் லைற் என்றபோது திறந்தார். இடது காது இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை, ஆகவே வலது பக்கம் மாறி உட்கார்ந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் கையை நீட்டி என் கைப்பேசியை வாங்கி, அதன் விளக்கைப் போட்டுக் கன்னத்தின் வெளிப்புறம் வைத்து வாயைத் திறந்தார்.

"சிவப்பாகத் தெரிகிறதா, தம்பி?"

தெரிந்தது.